ஜவாஹர்நகர்: பத்திரத்தில் இல்லாத மலை

சைனிக்புரியிலோ அதை அடுத்த கீசரா சாலைப் பகுதியிலோ வீடு வாங்க வருபவரின் முன் ஒரு கோப்பு வைக்கப்படுகிறது. மூலப்பத்திரம், இணைப்புப் பத்திரங்கள், வில்லங்கச் சான்றிதழ், மனைப்பிரிவு ஒப்புதல், சொத்துவரி ரசீது ஆகியவை அதில் இருக்கும். நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, எந்த வங்கியில் அடகு இருந்தது என்பதையெல்லாம் முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று அந்தக் கோப்பு சொல்லிவிடும். வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு மாநகரம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொட்டிய குப்பை மலையாகக் கிடக்கிறது என்பதை அதில் எந்தத் தாளும் சொல்லாது. இது எழுத்தரின் மறதியால் நேர்ந்ததன்று. நிலத்தின் உரிமையைப் பதிவு செய்வதற்கென உருவான அலுவலகம், நிலத்தின் நிலையைப் பதிவு செய்யும்படி ஒருபோதும் பணிக்கப்படவில்லை. ஜவாஹர்நகர்க் குப்பைமேட்டின் வரலாற்றை இந்த இடைவெளியின் வரலாறாகவும் படிக்கலாம்.

சைனிக்புரி என்ற பெயரே அதன் தோற்றத்தைச் சொல்கிறது. ஓய்வுபெற்ற படைவீரர்களும் அதிகாரிகளும் கூட்டுறவு முறையில் நிலம் வாங்கிப் பிரித்துக்கொண்டு அமைத்த குடியிருப்பு அது. பக்கத்திலேயே டிஃபென்ஸ் காலனி, வாயுபுரி, யாப்ரால். சற்றுத் தள்ளி 1967இல் தொடங்கப்பட்ட இ.சி.ஐ.எல். நிறுவனம், அதன் நிறுவனர் ஏ.எஸ்.ராவின் பெயரால் ஒரு நகர். சிக்கந்தராபாத் கண்டோன்மென்டின் நீட்சி என்று இந்தப் பகுதி முழுவதையும் சொல்லலாம். அந்தக் கண்டோன்மென்டோடு சேர்ந்து வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினரும் இங்கே வீடு கட்டியிருக்கிறார்கள். அகலமான மனைகள், மரங்கள், அமைதி: ஓய்வுக்காலத்துக்கென்று தேர்ந்தெடுத்த இடம்.

குப்பைமேடு அமைந்த ஜவாஹர்நகருக்கும் படைவீரர் தொடர்பு உண்டு. அங்கிருந்த பல ஆயிரம் ஏக்கர் நிலம் முன்னாள் படைவீரர்களின் மறுவாழ்வுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் பெரும்பகுதி பின்னர் அரசின் வசமாகி, நகர்ப்புற வளர்ச்சி ஆணையத்தின் கைக்கு வந்தது. ஒரே நோக்கத்தோடு தொடங்கிய இரு இடங்களில் ஒன்று கூட்டுறவுச் சங்கத்தின் பதிவுபெற்ற பத்திரங்களோடு வளர்ந்தது. மற்றொன்று உரிமை தெளிவில்லாத அரசு நிலமாக எஞ்சியது. இந்திய நகரங்களின் கழிவு எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இரண்டாம் வகை நிலத்தில்தான் இருக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கையகப்படுத்தலுக்கு எதிராக வழக்குத் தொடுக்கும் பட்டாதாரரும் இல்லை.

1994இல் சூரத் நகரில் பரவிய கொள்ளைநோய் அச்சம் நாடு முழுவதும் நகரக் குப்பையை அரசியல் பேச்சுக்குள் கொண்டுவந்தது. 1996இல் அல்மித்ரா பட்டேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு, 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகளுக்கு வழிவகுத்தது. நகரத்துக்குள்ளேயும் ஓரத்திலும் கண்ட இடங்களில் கொட்டும் வழக்கத்தை நிறுத்தி, அறிவியல் முறைப்படி அமைந்த பெரிய நிரப்பிடங்களுக்கு நகராட்சிகள் மாற வேண்டும் என்பது விதிகளின் எதிர்பார்ப்பு. ஒரு நிரப்பிடம் 20 முதல் 25 ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்றும் அவை கூறின. ஹைதராபாத்தின் குப்பை அதுவரை ஆட்டோநகர் போன்ற பழைய இடங்களுக்குச் சென்றுகொண்டிருந்தது. 2000களின் தொடக்கத்தில் லாரிகள் ஜவாஹர்நகர்ப் பக்கம் திரும்பின. முந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு அதற்கென ஒதுக்கப்பட்டது.

விதி சொன்னது நிரப்பிடம், நடந்தது கொட்டுதல். அடியில் தடுப்புப் படலம் இடாமல், வடியும் நீரைத் திரட்டக் குழாய் பதிக்காமல், பாறைநிலத்தின் மேல் நேரடியாக ஆண்டுக்கணக்கில் குப்பை குவிக்கப்பட்டது. நீர்நிலைகளிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்ற விதிக்கு நேர் எதிரே மல்காரம் ஏரி இருந்தது. குப்பைக்குள் இறங்கும் மழைநீர் அழுகலின் அமிலங்களையும் உப்புகளையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கறுப்பான கசிவுநீராக வெளியேறும். சரிவு வழியே அது ஏரியை அடைந்தது, ஏரி கறுத்தது.

இங்கே நிலவியல் அறிவு சற்று வேண்டும். ஹைதராபாத் மிகப் பழமையான கருங்கல் பாறையின் மேல் அமர்ந்த நகரம். ஆற்றுப்படுகை மணலில் நீர் பரவுவதுபோல் இந்தப் பாறையில் பரவாது. மேலே சிதைந்த பாறையடுக்கில் தங்கி, கீழே விரிசல்கள் வழியே ஓடும். எந்த விரிசல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை மேலிருந்து பார்த்து அறிய இயலாது. அதனால் குப்பைமேட்டின் அருகிலுள்ள ஓர் ஆழ்துளைக் கிணறு தப்பித்து, அதைவிடத் தொலைவில் உள்ள கிணறு கெட்டுப்போகலாம். ‘இங்கிருந்து அங்கே மூன்று கிலோமீட்டர், ஒன்றும் ஆகாது’ என்ற மனை விற்பனையாளரின் ஆறுதலுக்குப் பாறையியலில் ஆதாரம் கிடையாது. சுற்றுப்புற நிலத்தடி நீரை ஆராய்ந்த கட்டுரைகள், கரைந்த உப்புகளின் அளவு குடிநீர் வரம்பைத் தாண்டியதையும் கசிவுநீரின் தடயத்தையும் பதிவு செய்துள்ளன. நாற்றத்தின் வழி வேறு. குளிர்கால இரவுகளில் தரையையொட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் தேங்கும்போது, அது காற்றின் திசையில் ஊர்ந்து தம்மாய்குடாவையும் கடந்து சைனிக்புரி, யாப்ரால் வரை வந்தது. பகலில் மனை பார்க்க வந்து முன்பணம் கொடுத்தவர்கள் குடியேறிய பிறகே அதை அறிந்தார்கள்.

நிர்வாக எல்லையின் கதை இன்னும் கூர்மையானது. 2007 ஏப்ரலில் சுற்றியிருந்த 12 நகராட்சிகளை இணைத்துப் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சி உருவானபோது காப்ரா நகராட்சி உள்ளே வந்தது. அதனுடன் சைனிக்புரியும் வந்தது. ஜவாஹர்நகர் வெளியே நின்றது. மாநகராட்சி தன் குப்பையைத் தன் வாக்காளர் அல்லாதவர்களின் ஊரில் கொட்டியது. அந்த ஊரின் கிராமப் பஞ்சாயத்துக்கு மாநகரத்தின் மீது அதிகாரம் ஏதும் இல்லை. 2019இல் ஜவாஹர்நகர் தனி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டபோது தன் எல்லைக்குள் இருக்கும் மலையின் மேல் அதற்குக் கிடைத்த அதிகாரமும் அவ்வளவே. சைனிக்புரியின் நிலையோ இரட்டை நிலை. நாற்றத்தைப் பற்றிப் புகார் செய்தவர்களின் வீட்டுக் குப்பையும் அதே மலையில்தான் போய்ச் சேர்ந்தது.

2000ஆம் ஆண்டு விதிகளின் மூன்றாம் அட்டவணையில் ஒரு வரி உண்டு: நிரப்பிடத்தைச் சுற்றிக் கட்டுமானமற்ற இடைவெளி மண்டலம் பேணப்பட வேண்டும், அது நகரமைப்புத் துறையின் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். இந்த இரண்டாம் பகுதிதான் முக்கியம். நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தால், அதற்குள் மனைப்பிரிவு ஒப்புதல் கோருபவர் அந்தக் கோட்டைத் தாண்டியாக வேண்டும். வாங்குபவரின் வழக்கறிஞர் கண்ணிலும் அது படும். குப்பை என்ற உண்மை அப்போதுதான் கோப்புக்குள் நுழைய ஒரு வழி கிடைத்திருக்கும். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இடைவெளி மண்டலத்தை வைத்துக்கொண்டன; ஆனால் அது கழிவு வளாகத்தின் மொத்தப் பரப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்றன. அதன் அளவை உள்ளாட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கலந்து, இடத்துக்கு இடம் முடிவு செய்யலாம் என்றன. அதாவது, வேலிக்கு வெளியே இருக்க வேண்டிய கோடு வேலிக்கு உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது. நிரப்பிடம் குடியிருப்பிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று அவற்றில் இருந்த விதி, புதிதாக நிரப்பிடம் அமைக்க வருபவரைக் கட்டுப்படுத்தியது. ஏற்கெனவே இருக்கும் நிரப்பிடத்தை நோக்கி நகர்ந்து வரும் குடியிருப்பைப் பற்றி அது பேசவில்லை. (அதே விதிகள் விமானத் தளங்களுக்கு 20 கிலோமீட்டர் இடைவெளி கேட்டன; பறவைகள் காரணம். ஹகீம்பேட்டை விமானப்படைத் தளம் அந்தத் தொலைவுக்குள்ளேயே இருக்கிறது.)

நிலத்தின் மேல் கோடு வரைய அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1908ஆம் ஆண்டு மூசி வெள்ளத்துக்குப் பின் கட்டப்பட்ட உஸ்மான்சாகர், ஹிமாயத்சாகர் நீர்த்தேக்கங்களைக் காக்க 1996இல் பிறப்பிக்கப்பட்ட 111ஆம் எண் அரசாணை, 10 கிலோமீட்டர் சுற்றளவில் 84 கிராமங்களில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது. 2022இல் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த முடிவாகும் வரை, மேற்கு ஹைதராபாத்தில் நிலம் வாங்கிய எவரும் ‘ட்ரிபிள் ஒன்’ என்ற சொல்லைக் கேளாமல் வாங்கியதில்லை. தரகர், வங்கி மேலாளர், பத்திர எழுத்தர் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அத்தகைய அரசாணை எண் எதுவும் நகரத்தின் வடகிழக்கு மூலையில் புழங்கவில்லை. நீரைக் குடிப்பவர்கள் நகரம் முழுவதும் இருந்தார்கள் என்பதும், கசிவுநீரின் அருகில் இருந்தவர்கள் ஒரு மூலையில் மட்டுமே இருந்தார்கள் என்பதும் இந்த வேறுபாட்டை விளக்கப் போதுமான காரணங்களாகத் தோன்றுகின்றன.

வாங்கியவர்கள் ஒரே வகையினர் அல்லர். சைனிக்புரியின் பழைய குடிகளை நோக்கிக் குப்பைதான் வந்தது. அவர்கள் குப்பையை நோக்கி வரவில்லை. தம்மாய்குடா, நாகாரம், சீரியால் பக்கத்து மனைப்பிரிவுகளில் பின்னர் வாங்கியவர்கள், மாநகரின் மற்றப் பகுதிகளில் எட்டாத விலை இங்கே எட்டியதால் வந்தார்கள். மூன்றாம் வகையினர் ஜவாஹர்நகரிலேயே, அரசு நிலத்தில், நோட்டரி முத்திரையிட்ட தாளை நம்பி அறுபது, நூறு சதுர கஜம் வாங்கிய கூலித் தொழிலாளர்கள், கட்டட வேலையாட்கள், குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள்.

‘தெரிந்துதானே வாங்கினீர்கள்’ என்ற வாதம் மூவரிடமும் சொல்லப்பட்டது. சட்டத்தில் அந்த வாதத்தின் வலு குறைவு. இங்கிலாந்தில் 1879இல் தீர்க்கப்பட்ட ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மேன் வழக்கிலிருந்தே, தொல்லை இருந்த இடத்துக்கு வாதி பின்னர் வந்தார் என்பது தொல்லை தருபவருக்கு எதிர்வாதம் ஆகாது என்ற கருத்து நிலைபெற்றிருக்கிறது. விற்றவருக்கும் கடமை உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறைபாடு சொத்தில் இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை வெளிப்படுத்தியாக வேண்டும் என்கிறது. வெளிப்படுத்தாமல் விடுவதை மோசடி என்றே குறிக்கிறது. அந்தப் பிரிவின் நுட்பம் ‘சாதாரணக் கவனம்’ என்ற சொற்களில் அடங்கியிருக்கிறது. மலை கண்ணுக்குத் தெரியும். எனவே அது மறைந்த குறைபாடு அன்று என்று விற்பவர் சொல்லலாம். கிணற்று நீரில் கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அந்த விற்பனையாளருக்குத் தெரிந்திருந்தது என்பதை வாங்கியவர் நிறுவ வேண்டும். கிணற்று நீரைச் சோதித்துப் பார்க்காதவர் அறியாமையையே கேடயமாக வைத்துக்கொள்ள முடியும். சோதிக்காமல் இருப்பதற்குச் சட்டமே ஊக்கம் தருகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

மூன்றாம் வகையினருக்கு இந்தக் குறைந்தபட்சத் தீர்வும் இல்லை. நூறு ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவுபெற்ற பத்திரத்தால் மட்டுமே நிறைவேறும். பொது அதிகார ஆவணத்தாலும் ஒப்பந்தத் தாளாலும் உரிமை மாறாது என்பதை 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது. அரசு நிலத்தை நோட்டரித் தாளில் விற்றவர் சட்டப்படி எதையும் விற்கவில்லை. ஆகவே 55ஆம் பிரிவு பேசும் ‘விற்பவர்’ அங்கே யாரும் இல்லை. குறைபாட்டை வெளிப்படுத்தும் கடமையும் யாருக்கும் இல்லை. குப்பைக்கு மிக அருகில் இருந்தவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு மிகத் தொலைவில் இருந்தது. 2014 டிசம்பரில் தெலங்கானா அரசு வெளியிட்ட 58ஆம் எண் அரசாணை, அரசு நிலத்தில் குடியிருக்கும் ஏழைகளுக்கு 125 சதுர கஜம் வரை இலவசமாக முறைப்படுத்தித் தர முன்வந்தது. இத்தகைய குடியிருப்புகளில் வாழ்வோருக்கு அது பெரும் நம்பிக்கை. மின்கட்டண ரசீது போன்ற தாள்களால் அவர்கள் நிறுவ வேண்டியிருந்தது, எந்த நாளுக்கு முன்பிருந்து குடியிருக்கிறார்கள் என்பதைத்தான். காலடியில் இருக்கும் மண்ணின் நிலை அங்கேயும் கேள்வியாகவில்லை.

நிலத்தின் நிலையைப் பத்திரத்தில் எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் உள்ள லவ் கெனால் இதற்குப் புகழ்பெற்ற எதிர்ச்சான்று. இரசாயனக் கழிவு புதைத்த நிலத்தை ஹூக்கர் நிறுவனம் 1953இல் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு விற்றபோது, அங்கே இரசாயனங்கள் புதைந்துள்ளன என்று பத்திரத்திலேயே எழுதியது. எழுதியதன் நோக்கம் எச்சரிப்பதைவிடப் பின்னால் வரும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வது. பள்ளி கட்டப்பட்டது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன. அந்த முதல் பத்திரத்தின் வாசகம் வீடு வாங்கிய குடும்பங்களின் கையை எட்டவில்லை. 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவிக்கும் நிலை வந்த பிறகே, காலடியில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் முழுமையாக அறிந்தார்கள். 1980இல் அமெரிக்காவின் மாசுநிலத் தூய்மைச் சட்டம் பிறப்பதற்கு அந்தக் குடும்பங்களின் போராட்டம் ஒரு காரணம். ஒரு பத்திரத்தில் எழுதினால் போதாது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அது தொடர்ந்து வர வேண்டும்.

ஜவாஹர்நகரிலும் போராட்டங்கள் பல ஆண்டுகள் நடந்தன. லாரிகள் மறிக்கப்பட்டன, வழக்குகள் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றன. மாறுதல்கள் நிகழ்ந்ததை மறுப்பது நேர்மையாகாது. ராம்கி குழுமத்தோடு 2009இல் ஒப்பந்தமாகி, 2012 முதல் அக்குழுமத்தின் நிறுவனம் வளாகத்தை நடத்துகிறது. ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்ட பழைய குப்பை, சுமார் 135 ஏக்கர் பரப்பில், படலமும் மண்ணும் போர்த்தி மூடப்பட்டது. 2020ஐ ஒட்டி அந்தப் பணி நிறைவை எட்டியது. அதே ஆண்டில் 19.8 மெகாவாட் திறனுள்ள, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2023இல் மல்காரம் ஏரியை மீட்கும் நோக்கில் கசிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. இந்த ஒவ்வொரு திறப்பு விழாவும் சுற்றுப்புற மனை விலையில் எதிரொலித்தது. ‘டம்பிங் யார்டு மூடியாகிவிட்டது’ என்ற சொற்றொடர் விற்பனையாளர்களின் வாயில் புழங்கத் தொடங்கியது.

மூடுவது என்பது அகற்றுவது அன்று. சென்னையில் பெருங்குடிக் குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்து, மண்ணையும் எரிபொருளையும் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் முறை கையாளப்படுகிறது. கொடுங்கையூருக்கும் அதே வழி. அது செலவும் காலமும் பிடிப்பது. தோண்டும்போது எழும் தூசும் வாயுவும் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லைதான். எனினும் முடிவில் குப்பை அங்கே இராது. ஜவாஹர்நகரில் தேர்ந்தது போர்த்தும் முறை. மேலிருந்து மழை இறங்காது, நாற்றம் குறையும், புல் முளைக்கும். ஆனால் அடியில் தடுப்பின்றிக் கிடப்பது அப்படியே கிடக்கும். மீத்தேன் உருவாவதும் உடனே நிற்காது. கழிவின் மேல் மண் மூடிக் கட்டினால் என்ன ஆகும் என்பதை மும்பையின் மாலாட் பகுதி காட்டியது. பழைய சிஞ்சோலி பந்தர்க் குப்பைமேட்டின் மேல் எழுந்த அலுவலக வளாகங்களில், கீழிருந்து கசிந்த வாயுக்கள் கணினிகளின் உலோகப் பாகங்களை அரித்தன. மலை சரிந்தால் என்ன ஆகும் என்பதைக் கொழும்பு அறியும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லையில் குப்பைமலை வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

2016ஆம் ஆண்டின் விதிகளிலேயே ஒரு கால அளவு இருந்தது. மூடிய நிரப்பிடத்தைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்; அதன் பின்னரும், வாயுவும் கசிவுநீரும் வரையறைக்குள் இருப்பதையும் மண் நிலையாக இருப்பதையும் உறுதி செய்த பிறகே மனிதக் குடியிருப்புக்கு அந்த இடத்தைக் கருதலாம். மூடிய மலையின் மேலேயே கட்டுவதைப் பற்றிய விதி இது. அதன் அடிவாரத்தில் கட்டுவதற்கு இத்தகைய காத்திருப்பு இல்லை. ஜவாஹர்நகரில் கணக்கை 2020இலிருந்து தொடங்கினால் 2035 வருகிறது. கணக்கைத் தொடங்கலாமா என்பதே கேள்வி. மூடிய மேட்டின் பக்கத்தில் அதே வளாகத்துக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன் குப்பை இன்னும் வருகிறது. மாற்றிடம் தேடி அரசு சங்காரெட்டி மாவட்டத்தின் பியாராநகரைக் கைகாட்டியபோது, அங்கிருந்த கிராமத்தார் 2025இன் தொடக்கத்தில் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். ஜவாஹர்நகரில் என்ன நடந்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு அதைச் சொன்னது எந்த அரசுப் பதிவேடும் அன்று.

தம்மாய்குடாவில் 2025இல் 20 ஆண்டுக் கடனில் வீடு வாங்கிய ஒருவரின் கடைசித் தவணை 2045இல் முடியும். அவர் பெற்ற வில்லங்கச் சான்றிதழில் ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்றே இருக்கும். சான்றிதழ் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அதுவே சரியான விடை.